ஒட்டுத்துணிப் போர்வை: பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டு முன்கூடத்தில், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு நாங்கள் கூடுகிறோம். மொத்தம் பதினோரு பேர். மூன்று பேர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வருகிறவர்கள். துணித்துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பதுதான் வேலை. எட்டு வருஷம் ஓடிவிட்டது. கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் வாட்சாப்பிலும் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதைவிட, எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

கில்ட் கில்ட்னு சொல்றீங்களே, கடையில விக்கிற போர்வைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

கில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த துணி, நடுவில் தகடு மாதிரி விரிந்திருக்கும் பஞ்சு, கீழே ஒரு முழுத்துணி. இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராதபடி குறுக்கும் நெடுக்கும் போகும் தையல்தான் இதற்கு உயிர். அந்தத் தையல் இல்லையென்றால் அது வெறும் உறை போட்ட பஞ்சு. நடுவில் வைக்கும் பஞ்சை பேட்டிங் என்பார்கள். ஓரத்தில் சுற்றிலும் மடித்துத் தைக்கும் பட்டை, பைண்டிங். இந்த இரண்டு சொல்லும் கீழே அடிக்கடி வரும்.

மலாய்க்காரத் தோழிகள் வெட்டி மிஞ்சிய துண்டுகளை கைன் பெர்ச்சா என்பார்கள். எங்கள் கூட்டத்திலும் அந்தச் சொல்தான் புழங்குகிறது. "உங்ககிட்ட பெர்ச்சா இருக்கா?" என்று யாராவது கேட்டால் துண்டுத்துணி கேட்கிறார் என்று அர்த்தம்.

இந்த வெயில் ஊர்ல யாருக்குங்க பஞ்சு வெச்ச போர்வை?

நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் இரவில் ஏர்கோன் போட்டுவிட்டு, கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறோம்? அந்த அறைக்கு மெல்லிய கில்ட் மிகவும் சுகமானது. நடுவில் பஞ்சுக்குப் பதிலாக ஒரு பழைய காட்டன் விரிப்பையோ ஃபிளானல் துணியையோ வைத்துத் தைத்தால் போதும், வேர்க்காது. கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கும், இரவு பஸ்ஸில் கோலாலம்பூர் போகிறவர்களுக்கும் இதன் அருமை தெரியும்.

தவழும் குழந்தைக்குத் தரை விரிப்பாகவும், பெரியவர்களுக்கு மடிமீது போட்டுக்கொள்ளவும், நாற்காலி மெத்தையாகவும் ஆகும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் காரணமே கேட்க வேண்டாம். குளிர் ஊருக்கு அனுப்புவதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

இது வெள்ளைக்காரங்க கலைதானே? நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இதை என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா செய்கிறார்கள். அந்தக் காலத்தில் தையலுக்கான நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பது அவர்கள் வழி. கடையில் தனியாகப் பஞ்சு வாங்காமல் பழந்துணியிலேயே செய்வது இவையெல்லாம். என் பாட்டி சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். கிழிந்த கைலி மூன்றை ஒன்றாக அடுக்கி, நாலு விரல் இடைவெளியில் வெள்ளை நூல் ஓட்டி, பிள்ளைகளுக்கு விரிப்பார். அதற்கு அவர் ஒரு பெயரும் வைக்கவில்லை. இன்று பார்க்கும்போது அது கில்டேதான்.

பக்கத்து ஊர்க் கதை ஒன்றும் உண்டு. 1942ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபின் சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் மூன்று கில்ட் தைத்தார்கள். யோசனை சொன்னவர் எத்தல் மல்வானி என்ற கனடாக்காரர். ஒவ்வொன்றிலும் 66 சதுரம். ஆளுக்கொரு சதுரம் கொடுத்து, தன்னைப் பற்றி எதையாவது அதில் தைக்கச் சொன்னார்கள். வேறு முகாம்களில் அடைபட்டிருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிப்பதுதான் நோக்கம். ஒரு கில்டைக் காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு என்று எழுதி அர்ப்பணித்ததால் மற்றவையும் தடையில்லாமல் வெளியே போயின. பெயர் தைத்த சதுரத்தை நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள் நினைவுக்கு வருவார்கள்.

எனக்குத் தையல் மெஷினே கிடையாது. வரலாமா?

வாருங்கள். எங்களில் நான்கு பேர் கையால் மட்டுமே தைக்கிறவர்கள். ஊசி, நூல், விரல் உறை இருந்தால் போதும். கில்ட் தைக்கக் குட்டையான ஊசி நல்லது. கடையில் பிட்வீன் என்று கேளுங்கள். 9 அல்லது 10 நம்பர் பழகுகிறவர்களுக்குச் சரியாக இருக்கும்.

வீட்டில் பாட்டி காலத்து கறுப்பு சிங்கர் மிதி மெஷின் தூசி படிந்து கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நேர்த்தையல் ஒன்றுதான் போடும், ஆனால் கில்டுக்கு வேண்டியதும் நேர்த்தையல்தான். எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றினால் பெரும்பாலும் ஓடும்.

முதல் தடவைக்கு என்னென்ன வாங்கணும்?

நல்ல கத்தரி, அங்குலம் போட்ட நீள ஸ்கேல், ஊக்கு, காட்டன் நூல், இஸ்திரிப் பெட்டி. இவ்வளவுதான். ரோட்டரி கட்டர், அதாவது உருட்டி வெட்டும் வட்டக் கத்தி, வேலையை மிகவும் சுலபமாக்கும். 1979ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது அது. ஆனால் அதோடு அடியில் வைக்கும் பாயும் வாங்க வேண்டும். முதல் இரண்டு மாதம் எங்கள் கூட்டத்திலேயே பொதுவாக வைத்திருப்பதை எடுத்துப் பயன்படுத்துங்கள். பிடித்திருந்தால் அப்புறம் வாங்கலாம். 45 மில்லிமீட்டர் அளவு போதும். வெட்டி முடித்த நொடியே கத்தியை மூடுங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. விரல் போனால் போனதுதான்.

துணி எங்கே வாங்குறீங்க? கடைக்காரர் காட்டன்னு சொல்றதை நம்பலாமா?

பெரும்பாலும் லெபோ பாசாரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும்தான். நம் பெரியவர்கள் கடைத்தெரு என்று சொல்வார்களே, அதேதான். சுடிதார் துணி, வேட்டித்துணி, பாவாடைத்துணி எல்லாமே கில்டுக்கு ஆகும். மிஞ்சிய துண்டுகளைப் பல கடைகளில் குறைந்த விலைக்குத் தருவார்கள். பாத்தேக் துணி எனக்கு மிகவும் பிடிக்கும். மெழுகு வைத்துச் சாயம் போடுவதற்கு நெருக்கமான நெசவு வேண்டும், அதனால் வெட்டினால் ஓரம் அவ்வளவாகப் பிரியாது. பழைய கடைக்காரர்கள் இன்னமும் எலா என்று கஜக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு கஜம் 36 அங்குலம்.

காட்டனா இல்லையா என்று பார்க்க, ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, முறுக்கி, இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, கடைசியில் கடுகு மாதிரி கறுப்பு உருண்டையாக இறுகும், நகத்தால் அழுத்தினாலும் உடையாது. பட்டு என்றால் முடி பொசுங்கும் வாடை. வாஷ்பேசின் பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

புதுத் துணியைத் துவைச்சே ஆகணுமா? உப்புத் தண்ணியில ஊறவெச்சா சாயம் போகாதுன்னு எங்கம்மா சொல்வாங்க

துவையுங்கள். காட்டன் முதல் துவைப்பில் சுருங்கும். போர்வையாகத் தைத்த பிறகு ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கினால் மேல்பக்கம் கோணலாகிவிடும்.

உப்பைப் பற்றி அம்மாக்கள் சொல்வதை மறுத்துப் பேச எனக்கும் தயக்கம்தான். ஆனால் இப்போது கடையில் வரும் துணிகளின் சாயத்தை வீட்டில் உப்போ வினிகரோ போட்டுப் பிடிக்க வைக்க முடியாது. மிஞ்சியிருக்கும் சாயம் வெளியேறும்வரை திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி. ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, புதுத்துணிமேல் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். நாலைந்து தடவைக்குப் பிறகும் ஏறினால், குறிப்பாகச் சிவப்பும் கருநீலமும், அதை வெள்ளைத் துணியோடு சேர்க்காதீர்கள்.

குழந்தைப் போர்வை ஒண்ணுக்கு எவ்வளவு துணி ஆகும்? கணக்கு சொல்லுங்க

நாங்கள் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கணக்கு இது. 5 அங்குலச் சதுரமாக 80 துண்டு வெட்டுங்கள். குறுக்கே 8, நெடுக்கே 10. தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் அங்குலம் போக ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். ஆக, போர்வை 36க்கு 45 அங்குலம்.

44 அங்குல அகலத் துணியில் 5 அங்குலப் பட்டை ஒன்றிலிருந்து 8 சதுரம் கிடைக்கும். 80 சதுரத்துக்குப் பத்துப் பட்டை, அதாவது 50 அங்குலம். ஒன்றரைக் கஜம் எடுத்தால் கொஞ்சம் மிஞ்சும். நாலைந்து வகைத் துணி என்றால் ஒவ்வொன்றிலும் அரைக் கஜத்துக்கும் குறைவாகவே போதும். அடித்துணிக்கு ஒன்றரைக் கஜம். பேட்டிங்கையும் அடித்துணியையும் மேல்துணியைவிடச் சுற்றிலும் மூன்று அங்குலம் பெரிதாக வெட்டுங்கள், தைக்கத் தைக்க உள்ளே இழுக்கும். பைண்டிங்குக்கு இரண்டரை அங்குலப் பட்டை ஐந்து. அதற்குக் கால் கஜத்துக்கும் மேலே வேண்டியிருக்கும், அரைக் கஜமாக வாங்கிவிடுங்கள்.

சதுரம் எல்லாம் அளந்துதான் வெட்டினேன். தைச்சா மூலை சேரவே மாட்டேங்குதே?

வெட்டியதில் தவறு இருக்காது, தையலில் இருக்கும். கால் அங்குலம் விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு நூல் கூடுதலாக விடுவோம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு தையலில் இரண்டு துண்டிலும் அது போகும். மேலே சொன்ன போர்வையில் குறுக்கே ஏழு தையல். கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட முக்கால் அங்குலத்துக்கும் மேல் காணாமல் போயிருக்கும். பக்கத்து வரிசையைத் தைத்தவர் சரியாக விட்டிருந்தால் மூலை எப்படிச் சேரும்?

மெஷின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். துணி ஓரம் அதை உரசியபடியே போகட்டும். அப்புறம், ஒவ்வொரு வரிசைத் தையலையும் இஸ்திரி போடும்போது முதல் வரிசையை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்து மடியுங்கள். இரண்டு வரிசையை ஒன்றாக வைக்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கொக்கி மாதிரி பொருந்தி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும்.

முக்கோணம் வெச்சா துணி இழுபடுது. என்ன பண்றது?

குறுக்காக வெட்டிய ஓரம் இழுபடத்தான் செய்யும். டெய்லர்கள் கிராஸ் பீஸ் என்பார்களே, அதே குணம். அதனால் முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள், தைத்துவிட்டு வெட்டுங்கள். ஐந்தரை அங்குலச் சதுரம் இரண்டை நல்லபக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு இரு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, பிறகு கோட்டிலேயே வெட்டினால் இரண்டு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். 5 அங்குலத்துக்குச் சீர்செய்துகொண்டால் முந்தைய கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

உள்ளே இலவம் பஞ்சு வைக்கலாமா? வீட்டுத் தலைகாணியில நிறைய இருக்கு

கெக்காபு, அதாவது இலவம் பஞ்சுத் தலையணை பிரித்தெடுத்த பஞ்சோடு எங்கள் கூட்டத்துக்கு இதுவரை மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். இலவம் பஞ்சின் இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. தலையணைக்குள் அடைத்து வைக்கச் சரி. போர்வையில் இரண்டு துவைப்பிலேயே ஒரு மூலையில் உருண்டு சேர்ந்துவிடும். பேட்டிங் என்பது இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிடித்த விரிப்பு.

கடையில் காட்டன், பாலியெஸ்டர், இரண்டும் கலந்தது, கம்பளி என்று நாலு வகை வரும். நம் ஊருக்குக் காட்டன். மெத்தைக் கடையில் விற்கும் பாலியெஸ்டர் பஞ்சு விலை குறைவு, ஆனால் வேர்க்கும். பேட்டிங் உறையில், தையலுக்கும் தையலுக்கும் அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு உறையைத் தூக்கிப் போடுங்கள். மறந்துபோய் நான்கு அங்குலம் விட வேண்டிய இடத்தில் பத்து அங்குலம் விட்டால் காட்டன் பஞ்சும் உள்ளே கிழிந்து கட்டிகட்டும்.

மகன் லண்டன்ல படிக்கிறான், தங்கச்சி மெல்பர்ன்ல இருக்கா. ரெண்டு பேருக்கும் டிசம்பர்ல கொடுத்து அனுப்பிடலாமா?

லண்டனுக்குச் சரி. மெல்பர்னில் டிசம்பர் கோடைக்காலம், தங்கச்சி கில்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். அங்கே ஜூனில்தான் குளிர் ஆரம்பிக்கும். அவருக்கு மே மாதம் போய்ச் சேருகிற மாதிரி கணக்குப் போடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் குளிர்காலப் போர்வை என்றாலே இப்படி ஊருக்கு அனுப்புவதுதான். லண்டனுக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் ஜூலையில் துணி எடுத்து, ஆகஸ்டில் மேல்பக்கம் முடிக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் கூட்டம் கிடையாது. வீட்டில் பலகாரமும் பிள்ளைகளுக்குத் துணியும் இருக்கும்போது யாருக்கும் கை ஓடாது. அந்த ஒரு மாதத்தைக் கணக்கில் விட்டவர்கள் எல்லோரும் நவம்பர் கடைசியில் ராத்திரி கண்விழித்துப் பைண்டிங் தைத்திருக்கிறார்கள். பேட்டிங்கில் கம்பளி எடுத்தால் எடை குறைவு, சூடு அதிகம். பெட்டியில் வைத்து அனுப்பவும் வசதி.

மழைக்காலத்துல பூஞ்சணம் பிடிக்குதே, எப்படிப் பத்திரப்படுத்துறது?

பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய காட்டன் தலையணை உறையில் போட்டு, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, வேறு விதமாக மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் துணி நைந்துவிடும். காய்ந்த வேப்பிலை வைப்பவர்கள் ஒரு மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள், கறை படியாது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்குக் குத்திய போர்வை ஒன்றை, அக்டோபர் மழை நேரத்தில், அடுத்த வாரம் தைக்கலாம் என்று பெட்டியில் வைத்தேன். மாமியார் உடம்புக்கு முடியாமல் போய், ஜனவரியில்தான் திறந்தேன். ஊக்கு குத்திய ஒவ்வொரு இடத்திலும் மிளகு அளவுக்குப் பழுப்புப் புள்ளி. நூற்று இருபது ஊக்கு, நூற்று இருபது துரு. எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் காயவைத்ததில் பாதி போனது. மீதி இடங்களில் சின்னச் சின்னப் பூ தைத்து மூடினேன். இப்போது உடனே தைக்க முடியாது என்றால் ஊக்கை எடுத்துவிட்டு, அகலமாக நூல் ஓட்டித்தான் வைக்கிறேன்.

கூட்டத்துல என்னதான் நடக்கும்? காசு கட்டணுமா? பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

முதல் அரை மணி நேரம் ஒவ்வொருவரும் போன தடவைக்குப் பிறகு தைத்ததை விரித்துக் காட்டுவோம். அப்புறம் அவரவர் வேலை. புதிதாக வந்தவர் பக்கத்தில் பழகிய ஒருவர் உட்காருவார். யாருடைய போர்வையாவது மூன்று அடுக்கும் சேர்க்கும் நிலையில் இருந்தால், அன்று எல்லோரும் தரையில் மண்டியிட்டு அதை இழுத்துப் பிடித்து ஊக்குக் குத்துவோம். ஒரு ஆள் செய்தால் அரை நாள் வேலை, கோத்தோங் ரோயோங் என்று ஊர்கூடிச் செய்யும் வேலை மாதிரி ஆறு பேர் சேர்ந்தால் முக்கால் மணி நேரத்தில் முடியும். கூட்டம் வைப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய காரணம் இதுதான்.

காசு கிடையாது. ஆளுக்கு ஏதாவது சாப்பிடக் கொண்டுவருவோம். ஒரே விதி: கறிபாப்பும் தேத்தண்ணியும் சமையலறையில்தான், துணி இருக்கும் கூடத்துக்கு வராது. பிள்ளைகள் வரலாம், ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் அவர்களுக்கும் ஊசி கொடுத்துவிடுவோம். ஆண்கள் வரலாமா என்றும் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற டெய்லர் அண்ணன் ஒருவர் மூன்று வருஷமாக வருகிறார், பைண்டிங் மூலை மடிப்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

எல்லாரும் ஒரே அளவுல சதுரம் தைச்சு மாத்திக்கிட்டோம். ஒருத்தங்களோடது மட்டும் அளவு குறைவா இருக்கு. எப்படிச் சொல்றது?

சொல்ல வேண்டாம். குறைந்த சதுரத்தைச் சுற்றி ஒன்றரை அங்குலப் பட்டை ஒன்றைச் சட்டம் மாதிரி தைத்து, தேவையான அளவுக்குச் சீராக வெட்டிவிடுங்கள். அதே மாதிரி இன்னும் மூன்று சதுரத்துக்கும் சட்டம் போட்டால் வேண்டுமென்றே செய்த வடிவம்போல் ஆகிவிடும். அளவு ஏன் குறைகிறது என்பதை, பொதுவாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அடுத்த கூட்டத்தில் பேசலாம். மூலை சேராததைப் பற்றி மேலே எழுதியதை நான் அப்படித்தான் முதலில் சொன்னேன்.

அடுத்த தடவை மாற்றிக்கொள்ளும்போது எல்லோரையும் அரை அங்குலம் பெரிதாகத் தைத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கியவர் வெட்டிக்கொள்ளட்டும்.

அமெரிக்காவுல இருக்கிற அக்கா நல்ல கில்டிங் மெஷின் வாங்கித் தர்றேங்கிறாங்க. வாங்கலாமா?

பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று முதலில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120, இங்கே 230 முதல் 240. அங்குள்ள மெஷினை நேராக நம் பிளக்கில் போட்டால் எரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் கனம், இடம், ரிப்பேருக்கு ஆள் தேடுவது எல்லாம் சேர்ந்துவிடும். அக்காவிடம் வாக்கிங் ஃபுட் கேளுங்கள். மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் பாதம் அது. உங்கள் மெஷினின் மாடல் நம்பரைச் சொன்னால் பொருந்துவதை வாங்கி வருவார்.

தெரிஞ்சவங்க தைச்சுத் தரச் சொல்றாங்க. என்ன விலை சொல்றது?

மணிக்கணக்கை எழுதி வையுங்கள். மேலே சொன்ன 80 சதுரப் போர்வைக்கு ஒரு தடவை நான் குறித்து வைத்தேன்: வெட்டுவதிலிருந்து கடைசி பைண்டிங் தையல்வரை 26 மணி நேரம். அந்த நேரத்தை, நீங்கள் ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன வாங்குவீர்களோ அதனால் பெருக்கி, துணிச்செலவைக் கூட்டுங்கள். வரும் தொகையைக் குறைக்காமல் சொல்லுங்கள். பேரங்காடிப் போர்வை விலையோடு ஒப்பிடுகிறவரிடம் சண்டை வேண்டாம், அதை வாங்கிக்கொள்ளட்டும். உங்களுக்குப் பாசமுள்ளவர் என்றால் இலவசமாகவே கொடுங்கள். அரை விலைக்கு மட்டும் தைக்காதீர்கள். பாதி வேலையிலேயே கை சோர்ந்து, தையலில் வெறுப்பு வந்துவிடும். இது நான் மூன்று பேரிடம் பார்த்தது.

பட்டுப்புடவையில தைக்க முடியுமா?

முடியும், முதல் போர்வையாக வேண்டாம். பட்டு வழுக்கும், வெட்டிய ஓரம் பிரியும். பின்பக்கம் இஸ்திரி வைத்து ஒட்டும் மெல்லிய ஃபியூசிங் துணியை ஒட்டிவிட்டு வெட்டினால் காட்டன் மாதிரி அடங்கும். சூடு குறைவாக, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு அழுத்துங்கள். ஜரிகைக் கரையைச் சதுரங்களுக்கு நடுவில் பட்டையாக வைத்தால் அழகு. ஆனால் அது தினமும் போர்த்தித் துவைக்கிற போர்வை ஆகாது. பழைய பட்டில் மடிப்பு இருந்த இடம் இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து அந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

அம்மா தவறிட்டாங்க. அவங்க புடவையில போர்வை தைக்கணும்னு ஆசை. ஆனா கத்தரி வைக்க மனசு வரல

எல்லாக் கேள்வியிலும் இதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டு அழுதிருக்கிறார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. சில வீடுகளில் இறந்தவர் துணியை வைத்திருக்கக் கூடாது, கொடுத்துவிட வேண்டும் என்ற வழக்கம் உண்டு. முதலில் அப்பாவிடமும் அக்கா தம்பிகளிடமும் பேசுங்கள். பிறகு மனத்தாங்கல் வரக்கூடாது.

வெட்டாமலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரு மெல்லிய வாயில் காட்டன் புடவை ஐந்தரை மீட்டர் நீளம். அதை நாலாக மடித்தால் ஏறக்குறைய 1.37 மீட்டர் நீளத்தில், நாலு அடுக்காக நிற்கும். மேலே காந்தாவைப் பற்றிச் சொன்னேனே, அதே மாதிரி ஒரு அங்குல இடைவெளியில் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போங்கள். பஞ்சு வேண்டாம், பைண்டிங்கும் வேண்டாம். முந்தானை மேலடுக்காக வரும்படி மடித்துக்கொண்டால் போதும். புடவை முழுசாக இருக்கும், மடிமேல் போட்டுக்கொள்ளவும் முடியும்.

வெட்டலாம் என்று மனம் வந்தால், முதலில் புடவையை விரித்துப் படமெடுத்து வையுங்கள். இடுப்பில் செருகும் உள்தலைப்பிலிருந்து தொடங்குங்கள், அது வெளியே யாரும் பார்த்த பகுதி இல்லை, முதல் வெட்டு சுலபமாக இருக்கும். மஞ்சள் கறை இருந்தால் பதற வேண்டாம், சோப்புப் போட்டு வெயிலில் காயவைத்தால் மஞ்சள் வெளுக்கும். எங்களில் ஒரு அக்கா, அம்மா சமையலில் பட்ட அந்தக் கறையை வேண்டுமென்றே விட்டுவைத்து, அந்தத் துண்டை நடுவில் வைத்துத் தைத்தார்.

பாதி தைச்ச போர்வையை விட்டுட்டு ஒருத்தர் இறந்துட்டா, நாம முடிக்கலாமா? அவங்க தையல் கோணலா இருந்தா பிரிச்சுத் திருத்தலாமா?

முடியுங்கள். பிரிக்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கூட்டத்துப் பாட்டி ஒருவர் போய்ச் சேர்ந்தார். கொள்ளுப்பேரனுக்காக நீலமும் வெள்ளையுமாகத் தைத்துக்கொண்டிருந்த போர்வையை மருமகள் பையோடு கொண்டுவந்து கொடுத்தார். பாட்டிக்குக் கண் மங்கிய காலம், தையல் ஒரு இடத்தில் அரிசி அளவு, இன்னொரு இடத்தில் புளியங்கொட்டை அளவு. சீராக்கிவிடலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னார். டெய்லர் அண்ணன்தான், கையை எடுங்கள் என்றார்.

அவர் வெள்ளை நூலில் தைத்திருந்தார். நாங்கள் கருநீல நூல் எடுத்துக்கொண்டோம், எது யாருடைய கை என்று அந்தப் பையன் வளர்ந்தபிறகு பார்த்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. பாட்டி கடைசியாக நிறுத்திய இடத்தில் ஊசி துணியிலேயே குத்தியபடி இருந்தது, நூல் கோத்தபடி. அந்த ஊசியில் மிஞ்சியிருந்த நூல் முடிகிறவரை மருமகள் தைத்தார், ஏழு தையல் வந்தது. எட்டாவதிலிருந்து நாங்கள் தொடங்கினோம்.